கொடிக்குத் தூக்கம் வராத ஊர்

அக்டோபர் பிறந்துவிட்டால் பிரான்ஸின் பர்கண்டி பிரதேசத்தில் திராட்சைத் தோட்டங்களில் வேலை ஓய்ந்துவிடும். அறுவடை முடிந்து, பீப்பாய்களில் சாறு நொதித்துக்கொண்டிருக்கும். கொடிகளில் இலை மஞ்சளாகி உதிரத் தொடங்கும். அதன் பிறகு மார்ச் கடைசிவரை அவை வெறும் கட்டைகள்தான். உறைபனியில் நின்றபடி தூங்கும்.

அதே அக்டோபரில் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்தில் ஆட்கள் கத்தரிக்கோலோடு தோட்டத்தில் இறங்குகிறார்கள். தழைத்து நிற்கும் கொடியின் இலைகளை உதிர்த்து, கிளைகளை அளவாக வெட்டி மொட்டையாக்கிவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குள் புதுத் தளிர் எட்டிப் பார்க்கிறது. பர்கண்டியில் வருஷம் முடிகிற நேரத்தில் நாசிக்கில் வருஷம் பிறக்கிறது.

இரண்டு இடத்திலும் செடி ஒன்றே. ஐரோப்பாவிலிருந்து வந்த அதே திராட்சை இனம். கோப்பையில் ஊற்றிப் பார்க்கும்போது ருசி வேறாக இருப்பதற்கு மண், மழை, தயாரிப்பாளரின் கைப்பக்குவம் என்று பல காரணங்கள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்தத் தலைகீழ் காலண்டர். (ஒயின் என்றதும் தமிழ்நாட்டு வாசகருக்கு ‘ஒயின் ஷாப்’ நினைவுக்கு வரலாம். அந்தக் கடைகளில் ஒயினைத் தவிர மற்றதெல்லாம்தான் அதிகம் விற்கும். இங்கே பேச்சு திராட்சைச் சாறு நொதித்துக் கிடைக்கும் பானத்தைப் பற்றி மட்டும்.)

பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் 30 முதல் 50 டிகிரி வரையிலான அட்சரேகைகளுக்குள்தான் உலகின் பெயர்பெற்ற ஒயின் பிரதேசங்கள் பெரும்பாலும் அடங்குகின்றன. அங்கே குளிர்காலம் கொடியைத் தூங்க வைக்கிறது, வசந்தம் எழுப்புகிறது, கோடை காய்க்க வைக்கிறது. பழம் முற்றும் செப்டம்பரில் பகல் குறுகி, இரவு குளிரத் தொடங்கியிருக்கும். இந்தக் கடைசிக் கட்டம்தான் ஒயினுக்கு உயிர்நாடி. வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. அந்தச் சர்க்கரை நொதித்து ஆல்கஹாலாகிறது. சூடு அதிகமானால் பழத்திலுள்ள புளிப்பை, குறிப்பாக மாலிக் அமிலத்தை, பழமே எரித்துத் தீர்த்துவிடும். குளிர்ந்த இரவு அதைக் காப்பாற்றுகிறது. புளிப்பு போன ஒயின் புளி குறைந்த ரசம் மாதிரி. காரமும் மணமும் இருக்கும், நாக்கில் நிற்காது.

இந்தக் கணக்கின் ஒரு முனையில் இருப்பது ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரை. 50 டிகிரி அட்சரேகையை ஒட்டிய பகுதி. சமவெளியில் நட்டால் நல்ல திராட்சை சரியாகப் பழுக்காது. அதனால் ஆற்றைப் பார்த்தபடி தெற்கு நோக்கிச் சரியும் குன்றுகளில் நடுகிறார்கள். ப்ரெம் என்ற கிராமத்துக்கு மேலே உள்ள கால்மோன்ட் சரிவின் சாய்வு சில இடங்களில் சுமார் 65 டிகிரி. உழவும் முடியாது, டிராக்டரும் ஏறாது, எல்லாம் கைவேலை. மண் என்று சொல்லவும் பெரிதாக ஒன்றுமில்லை. உடைந்து சிதறிய சிலேட்டுக் கல்தான். பகலில் வாங்கிய சூட்டை இந்தக் கல் இரவில் கொடிக்குத் திருப்பித் தருகிறது. கீழே ஓடும் ஆறு வெயிலைப் பிரதிபலித்து மேலே அனுப்புகிறது.

இத்தனைக்குப் பிறகும் அங்கே விளையும் ரீஸ்லிங் ரகம் அக்டோபர்வரை இழுத்துத்தான் பழுக்கும். சில மோசெல் ஒயின்களில் ஆல்கஹால் 8 சதவீதம்தான். புளிப்போ ஊசி மாதிரி குத்தும். அதை ஈடுகட்ட, சர்க்கரை முழுவதும் நொதித்துத் தீருமுன்பே நிறுத்திக் கொஞ்சம் இனிப்பை மிச்சம் வைக்கிறார்கள். ரசிகர்கள் கொண்டாடும் அந்த இனிப்பும் புளிப்பும் சேர்ந்த ருசி குளிரைச் சமாளிக்கப் போய் வந்த ருசி.

போர்தோவில் விஷயம் வேறு. ஜிரோந்து கழிமுகத்தின் இடக்கரையில் சரளைக் கல். தண்ணீர் தங்காது, வெப்பம் தங்கும். தாமதமாகப் பழுக்கும் கேபர்னே சாவின்யோன் அங்கே நிலைபெற்றது. வலக்கரையில் பொமெரோல் பகுதியின் களிமண் ஈரமும் குளிர்ச்சியுமானது. அங்கே சீக்கிரம் பழுக்கும் மெர்லோ. போர்தோவுக்குத் தெற்கே சோதெர்னில் இன்னொரு வேடிக்கை. சில்லென்று வரும் சிரோன் ஓடை, வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர்காலக் காலை நேரங்களில் அங்கே மூடுபனி எழும். அந்த ஈரத்தில் பழுத்த திராட்சையில் ஒரு பூஞ்சை பிடிக்கும். வேறு ஊராக இருந்தால் விவசாயி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுவார். சோதெர்னில் அதற்காகக் காத்திருக்கிறார்கள். பூஞ்சை பிடித்த பழம் பகல் வெயிலில் வற்றிச் சுருங்க, சர்க்கரை கெட்டிப்படுகிறது. உலகின் விலையுயர்ந்த இனிப்பு ஒயின்களில் சில அந்தச் சுருங்கிய பழத்திலிருந்து வருகின்றன. ஓர் ஓடை திசைமாறி ஓடியிருந்தால் அந்த ஒயினே இல்லை.

பர்கண்டிக்காரர்கள் இதை இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். இடைக்காலத்தில் சிஸ்டர்சியத் துறவிகள் அங்கே தோட்டம் வளர்த்தார்கள். எந்த நிலத்தில் பனி முதலில் உருகுகிறது, எந்த மூலையில் பழம் முந்துகிறது என்று தலைமுறை தலைமுறையாகக் கவனிப்பதற்கு அங்கே காலம் இருந்தது. இன்று ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் ஒரு பெயர், ஓர் எல்லை, ஒரு தரம். அந்தத் துண்டுகளை அவர்கள் ‘க்ளிமா’ என்கிறார்கள். பிரெஞ்சில் தட்பவெப்பத்துக்கும் அதே சொல்தான். 2015-இல் யுனெஸ்கோ பர்கண்டியின் க்ளிமாக்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எந்த ஊர்ப் பெயரைப் போட வேண்டுமானால் எந்த ரகம் நட வேண்டும் என்பதை 1935-இல் தொடங்கிய சட்ட ஏற்பாடு பிரான்ஸ் முழுவதும் வரையறுத்தது. பாட்டிலில் திராட்சையின் பெயரே இல்லாமல் ஊர்ப் பெயர் மட்டும் இருப்பது அதனால்தான். ஊரைச் சொன்னால் திராட்சையைச் சொன்ன மாதிரி.

நாசிக் இருப்பது 20 டிகிரி அட்சரேகையில். புத்தகக் கணக்குப்படி ஒயின் திராட்சைக்கு இடமே இல்லாத ஊர். அங்கே கொடி தூங்குவதில்லை. விட்டால் வருஷம் முழுக்கத் தழைத்துக்கொண்டே போகும். பழம் ஒழுங்காக வராது. தூக்கத்தைக் குளிர் தராததால் கத்தரிக்கோல் தருகிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து, அக்டோபரில் ஒரு கவாத்து. ஏப்ரலில் வெட்டினால் கிளை வளரும். அடுத்து வரப்போகும் கொத்துகளுக்கான கரு அந்தக் கிளையின் மொட்டுகளில் உருவாகும். பருவமழைக் காலம் முழுவதும் கிளை முற்றிக்கொண்டிருக்கும். மழை ஓய்ந்த அக்டோபரில் மறுபடி வெட்டினால் அந்த மொட்டுகள் பூத்துக் காய்க்கும். அக்டோபர்க் கவாத்துக்கு மராத்தி விவசாயிகள் வைத்திருக்கும் பெயரிலேயே இனிப்பு என்ற சொல் இருக்கிறது. ஐரோப்பாவில் ஓர் ஆண்டில் இயற்கை செய்வதை இங்கே இரண்டு வெட்டில் முடித்துவிடுகிறார்கள். இரண்டு கவாத்து, ஆனால் அறுவடை ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. குளிர் காணாத கொடி வெட்டுப்பட்ட பிறகும் சோம்பேறித்தனம் செய்யும். நுனி மொட்டுகள் மட்டும் விழித்துக்கொள்ளும், மற்றவை எழாது. எல்லா மொட்டும் ஒரே சமயத்தில் எழ ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைத் தடவுகிறார்கள். கையுறை இல்லாமல் தொடக்கூடாத நச்சு அது. அது உடம்பில் பட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, படபடப்பும் குமட்டலும் வரும். சயனமைடு வகை மருந்துகளைக் குடிப்பழக்கத்தை நிறுத்தவே மருத்துவர்கள் கொடுத்திருக்கிறார்கள். ஒயினுக்காகக் கொடியை எழுப்பும் மருந்து, எழுப்பியவரை ஒயின் பக்கம் போகவிடாது.

கொடி வளர்ந்து காய்க்கும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்று ஆனபின் மற்ற எல்லாமே மாறிவிடுகிறது. மழைக்காலத்தில் கொத்து விட்டால் அடிச்சாம்பல் நோய் தின்றுவிடும். வறண்ட மாதங்களில் விட்டால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் தண்ணீரைச் சொட்டு நீர்க் குழாயில்தான் கொடுக்க வேண்டும். பிரான்ஸில் உயர்தர ஒயின் பகுதிகளில் பாசனமே நீண்டகாலம் தடை செய்யப்பட்டிருந்தது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் நாசிக்கில் வெப்பம் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 600 மீட்டர் உயரத்தில் இருப்பதன் லாபம் அது. காய்க்கு அது நல்லது. பழத்துக்குத்தான் சங்கடம். ஐரோப்பாவில் பழம் குளிரை நோக்கிப் பழுக்கிறது. நாசிக்கில் வெயிலை நோக்கிப் பழுக்கிறது. பிப்ரவரியில் ஒவ்வொரு வாரமும் சூடு ஏறும். மார்ச்சில் 35 டிகிரியைத் தாண்டும். சர்க்கரை மளமளவென்று ஏற, புளிப்பு மளமளவென்று இறங்கும். சில நாள் தாமதித்தாலும் ஒயின் மந்தமாகிவிடும். அதனால்தான் பல தோட்டங்களில் இரவிலும் விடியற்காலையிலும் பறிக்கிறார்கள். வெயில் ஏறுமுன் பழம் குளிர் அறைக்குள் போயாக வேண்டும்.

எந்த ரகம் நிலைக்கும் என்பதையும் இந்தக் காலண்டரே முடிவுசெய்தது. சூட்டிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத ஷெனின் ப்ளாங்க் நாசிக்கில் வேரூன்றியது. பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் பிறந்து, தென்னாப்பிரிக்காவில் பெருகிய ரகம் அது. இங்கே பெரும்பாலும் லேசான இனிப்போடு வருகிறது. சாவின்யோன் ப்ளாங்கை முன்கூட்டியே பறித்தால் அதன் பச்சை வாசனையும் புளிப்பும் தங்குகின்றன. சிவப்பில் ஷிராஸ். சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜில், நாசிக்கைவிடச் சூடான இடத்தில், ஃப்ரதெல்லி நிறுவனம் இத்தாலியின் டஸ்கனியிலிருந்து சாஞ்ஜோவேஸேயைக் கொண்டுவந்து நட்டது. பர்கண்டியின் பெருமையான பினோ ந்வாருக்கு இங்கே அவ்வளவு மரியாதை கிடைக்கவில்லை. மெல்லிய தோல், சீக்கிரம் பழுக்கும் சுபாவம். சூட்டில் மணம் சேருமுன் பழுத்து முடிந்துவிடுகிறது. நுரைக்கும் ஒயினுக்கு மட்டும் ஓர் அனுகூலம்: அதற்குச் சர்க்கரை குறைந்த, புளிப்பு மிகுந்த பழமே தேவை, சீக்கிரம் பறிப்பது குற்றமில்லை. 1980களில் நாராயண்காவில் இண்டேஜ் நிறுவனம் தொடங்கிவைத்தது நுரை ஒயினில்தான். பிரான்ஸின் மோயெ ஹென்னஸி நிறுவனமும் 2013-இல் நாசிக் அருகே திண்டோரியில் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவந்தது நுரை ஒயினையே.

பெங்களூர்ப் பக்கம் வேறு உத்தி. 1980களில் கன்வல் குரோவர் பிரான்ஸின் ஷாம்பெயின் நிபுணர் ஜார்ஜ் வெசெலை அழைத்துவந்து இடம் தேடினார். கடைசியில் நந்தி மலை அடிவாரம் பிடித்துப்போயிற்று. நாசிக்கைவிட ஏழு டிகிரி தெற்கே, ஆனால் சுமார் 300 மீட்டர் உயரம் அதிகம். தெற்கே வந்ததால் கூடிய சூட்டை உயரம் கழித்துவிடுகிறது. அங்கே பருவங்களுக்கிடையே ஏற்ற இறக்கம் குறைவு. பழம் நிதானமாகப் பழுக்கிறது. 1992-இல் அவர்களுடைய முதல் ஒயின் வந்தது. கேபர்னேயும் ஷிராஸும் கலந்த அவர்களுடைய சிவப்பு ஒயின் பின்னால் பெயர் வாங்கியது. நாசிக்கில் ராஜீவ் சாமந்த் தொடங்கிய சூலா 2000-இல் முதல் வெள்ளை ஒயின்களோடு வந்தது. வெள்ளைக்கு நாசிக், சிவப்புக்கு நந்தி மலை என்று சிலர் சொல்வதுண்டு. அவ்வளவு எளிதாகக் கோடு கிழித்துவிட முடியாது என்றாலும் முழுக்கப் பொய்யும் இல்லை.

இன்னும் தெற்கே, 10 டிகிரிக்கும் கீழே, தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. அங்கே விவசாயி இதே வெப்பத்துக்கு நேர்எதிரான பதிலைக் கண்டுபிடித்தார். கொடி தூங்காது என்றால் தூங்க வேண்டாமே என்று விட்டுவிட்டார். பந்தலில் படர்ந்த பன்னீர் திராட்சையைத் தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு மாதத்தில் கவாத்து செய்கிறார்கள். பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டிருக்கும். இந்தப் பன்னீர் திராட்சை உண்மையில் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மெல்லிய தோல், தூக்கலான வாசனை, வாயில் போட்டால் கரையும் சதை. சாப்பிட அருமை. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் காய்க்கும் கொடியிடம் ஒயினுக்கு வேண்டிய செறிவை எதிர்பார்ப்பது நியாயமில்லை; கம்பத்துக்காரர்களும் எதிர்பார்க்கவில்லை. பழமாக விற்பதிலேயே அவர்கள் கணக்கு நேராகிவிடுகிறது.

இதுவரை சொன்னதில் ஐரோப்பா இயல்பு, இந்தியா விதிவிலக்கு என்ற தொனி இருக்கும். ஒயின் புத்தகங்களும் அப்படித்தான் எழுதிவந்தன. அந்த இயல்புதான் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது.

பர்கண்டியின் போன் நகரத்தில் திராட்சைப் பறிப்பவர்களுக்குக் கூலி கொடுத்த கணக்குகளும் நகர சபைக் குறிப்புகளும் பல நூற்றாண்டுகளாகப் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வைத்து 1354 முதல் 2018 வரை ஆண்டுதோறும் அறுவடை தொடங்கிய தேதியை ஆராய்ச்சியாளர்கள் வரிசைப்படுத்தி 2019-இல் வெளியிட்டார்கள். 1987 வரை சராசரி அறுவடை செப்டம்பர் 28 வாக்கில் தொடங்கியிருக்கிறது. 1988 முதல் 13 நாள் முந்திவிட்டது. 2003 முதலான 16 ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் அசாதாரணமாகச் சீக்கிரம் பழுத்த ஆண்டுகள். போர்களையும் கொள்ளைநோயையும் ஒரு புரட்சியையும் பார்த்த கூலிக் கணக்கு அது. அத்தனைக்கும் நடுவில் அறுவடைத் தேதி ஏறி இறங்கிப் பழைய இடத்துக்கே திரும்பிவந்தது. இப்போது திரும்பவில்லை.

13 நாள் என்றால் சாதாரணமாகத் தோன்றலாம். பழம் குளிரை நோக்கிப் பழுப்பது என்ற ஏற்பாடே அந்த 13 நாளில்தான் இருக்கிறது. அறுவடை ஆகஸ்டுக்கு நகர்ந்தால் கடைசி வாரங்கள் கடும் வெயிலில் கழியும். சர்க்கரை ஏறும், புளிப்பு இறங்கும். ஒருகாலத்தில் 12 சதவீத ஆல்கஹாலோடு வந்த போர்தோ சிவப்பு ஒயின்கள் இன்று 14 சதவீதத்தைத் தொடுவது சகஜம். இரவில் பறிப்பதும் முன்கூட்டியே பறிப்பதும் அங்கேயும் பேச்சாகிவிட்டன. நாசிக்கின் பிப்ரவரிக் கவலை போர்தோவில் ஆகஸ்டுக் கவலையாகிவிட்டது.

சூடு தாங்கும் ரகத்துக்கு மாறிவிட்டால் என்ன? சட்டம் விடாது. பிரான்ஸின் அதிகாரிகள் 2021-இல் போர்தோவின் பொதுப் பெயரில் வரும் ஒயின்களுக்கு ஆறு புதிய ரகங்களை அனுமதித்தார்கள். போர்ச்சுகலின் டூரிகா நாசியோனால், அல்வாரின்யோ ஆகியவையும் அதில் உண்டு. ஆனால் ஒரு தோட்டத்தின் பரப்பில் 5 சதவீதத்துக்குமேல் நடக்கூடாது, கலவையில் 10 சதவீதத்துக்குமேல் போகக்கூடாது. பொமெரோல் போன்ற பெரிய பெயர்களுக்கு அதுவும் இல்லை. சட்டத்தின் தயக்கத்தில் அர்த்தமில்லாமல் இல்லை. ஊரைச் சொன்னால் திராட்சையைச் சொன்ன மாதிரி என்று உலகத்தை நம்பவைத்த பிறகு திராட்சையை மாற்றினால் ஊர்ப் பெயருக்கு என்ன பொருள்?

குளிரும் முற்றிலும் விடைபெறவில்லை என்பது கொடுமை. சீக்கிரம் வரும் வசந்தம் மொட்டை முன்னதாக எழுப்பிவிடுகிறது. பிறகு ஓர் இரவு உறைபனி வந்து கருக்கிவிடுகிறது. 2021 ஏப்ரலில் பிரான்ஸின் பல பகுதிகளில் அதுதான் நடந்தது. விவசாயிகள் தோட்டத்தில் தீ மூட்டிக் காவலிருந்தார்கள். வடக்கே இங்கிலாந்துக்கோ நல்ல காலம். ஷாம்பெயினில் இருப்பது போன்ற சுண்ணாம்பு நிலம் தெற்கு இங்கிலாந்திலும் உண்டு. வெயில்தான் போதாமல் இருந்தது. ஷாம்பெயின் நிறுவனமான டைட்டாஞ்ஜே 2015-இல் கென்ட் மாவட்டத்தில் நிலம் வாங்கியபோதே காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது தெரிந்துவிட்டது.

சூட்டோடு வாழப் பழகிய நாசிக் இதில் முன்னோடி என்று மார்தட்டிக்கொள்ளலாமா? அதற்கும் தடை இருக்கிறது. அங்கே எல்லாக் கணக்கும் ஒரே ஒரு நம்பிக்கையில் நிற்கிறது: அக்டோபருக்குப் பிறகு மழை வராது. 2014 பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பழம் கொடியில் தொங்கிய நேரத்தில், மகாராஷ்டிரத்தில் ஆலங்கட்டி மழை கொட்டியது. திராட்சைத் தோட்டங்களும் நாசமாயின. கத்தரிக்கோலால் குளிர்காலத்தை உண்டாக்க முடிந்தவரால் வறண்ட காலத்தை உண்டாக்க முடியாது.

எந்த நிலத்தில் எந்த ரகம் நட வேண்டும் என்று நாசிக் விவசாயிக்குக் கட்டளையிடும் சட்டம் இல்லை. ‘நாசிக் பள்ளத்தாக்கு ஒயின்’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது பெயரைக் காக்கிறது, அவ்வளவே. போர்தோக்காரர் பல ஆண்டுகள் காத்திருந்து பெற்ற 5 சதவீத அனுமதியை நாசிக்காரர் அடுத்த கவாத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். பருவநிலை மாறும்போது இது பெரிய வசதி. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. 2008-க்குப் பிறகு, பொருளாதார மந்தமும் மும்பைத் தாக்குதலுக்குப் பிந்தைய சுணக்கமும் சேர்ந்து ஒயின் விற்பனை சரிந்தது. கிடங்குகளில் பாட்டில்கள் தேங்கின. ஒயின் திராட்சையை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் பலர் கொடிகளைப் பிடுங்கிவிட்டுச் சாப்பிடும் திராட்சைக்கு மாறினார்கள். நட்ட கொடி ஒழுங்காகக் காய்க்கவே மூன்று ஆண்டு ஆகும். இந்த நிலத்தின் ருசி இதுதான் என்று அது சொல்லத் தொடங்க இன்னும் பல ஆண்டுகள். பிடுங்குவதற்கு ஒரு நாள் போதும்.